ஒரு நாள் பேரைக் காப்பாற்றும் இணையத்தளங்கள்



போன மாதம் எமது அலுவலகத்துக்கு ஒரு அம்மா வந்தார். கொழுந்து எடுப்பவர். ஐம்பது வயது முடிந்து வேலையில் இருந்து நின்றுவிட்டார். சேமலாப நிதிப் பணத்தை எடுக்க வேண்டும். அதற்கு என்னென்ன பத்திரங்கள் தேவை என்று கேட்பதற்காக மட்டும் மகளையும் கூட்டிக்கொண்டு மூன்று தடவை டவுனுக்குப் போய் வந்திருக்கிறார். முதல் நாள் அதிகாரி லீவு. இரண்டாம் நாள் ஒரு பத்திரம் குறைவு. மூன்றாம் நாள், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மகளுக்கு மூன்று நாள் பேர் போனது. பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் போனது.

பேரப்பிள்ளை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கையில் நல்ல போன். "தம்பி, இதில என்ன பார்க்கிற?" என்று கேட்டேன். "பாட்டு, வீடியோ, பேஸ்புக் ஐயா" என்றான். பாட்டி மூன்று நாள் அலைந்து தெரிந்துகொண்ட விபரத்தில் பெரும்பகுதி அந்தப் போனிலேயே இருந்தது. அவனுக்கும் தெரியாது, பாட்டிக்கும் தெரியாது.

இப்போது லயத்துக்கு லயம் போன் இருக்கிறது. டேட்டாவுக்கும் மாதாமாதம் காசு கட்டுகிறோம். அந்தக் காசில் நமக்கு உபயோகமான சில இடங்களையும் பார்த்தால் என்ன? அப்படிப்பட்ட சில இணையத்தளங்களை இந்தப் பாடத்தில் சொல்லித் தருகிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் படிக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக்கு எது தேவையோ அதை மட்டும் ஒரு கொப்பியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் முகவரியை வாசிக்கப் பழகுவோம்

இணையத்தளம் என்றால் ஓர் அலுவலகம் தன்னுடைய விபரங்களை எல்லோரும் பார்க்கும்படி போட்டு வைத்திருக்கும் இடம். கதவு எந்நேரமும் திறந்திருக்கும். உள்ளே போக முகவரி தேவை. முகவரிகளை இங்கே ஆங்கில எழுத்துக்களின் பெயர்களைத் தமிழில் எழுதித் தந்திருக்கிறேன். ஆங்கிலம் தெரியாத தாயும் இதைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக வாசிக்கலாம். பிள்ளை போனில் அடித்துக்கொள்ளும். 'புள்ளி' என்ற இடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். நடுவில் இடைவெளி விடக்கூடாது. முன்னால் மூன்று 'டபிள்யூ'வும் புள்ளியும் போடாமலே அநேகமாகத் திறக்கும். திறக்காவிட்டால் போட்டுப் பாருங்கள்.

ஒரு விஷயத்தைக் கட்டாயம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தின் முகவரியில் கடைசி வரியில் ஊர் இருக்கும் அல்லவா? அதேபோல இணைய முகவரியிலும் கடைசிப் பகுதிதான் முக்கியம். 'ஜீ, ஓ, வீ, புள்ளி, எல், கே' என்று முடிந்தால் அது இலங்கை அரசாங்கத்தின் தளம். அந்த முடிவை வெளியார் எவரும் காசு கொடுத்து வாங்க முடியாது. ஆனால் ஏமாற்றுக்காரர்கள் 'ஜீ, ஓ, வீ' என்பதை முகவரியின் நடுவில் எங்காவது நுழைத்துவிட்டு, கடைசியில் 'சி, ஓ, எம்' என்று முடிப்பார்கள். பார்த்தவுடன் அரசாங்கம் போலத் தெரியும். அது அரசாங்கம் இல்லை.

வெறும் 'எல், கே' என்று முடியும் அரசாங்கத் தளங்களும் சில உண்டு. பரீட்சைத் திணைக்களம், சேமலாப நிதி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் ஆகியவை அப்படிப்பட்டவை. அவற்றின் எழுத்துக்களைக் கீழே சரியாகத் தந்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் எவரோ அனுப்பும் இணைப்பை அமுக்கிப் போகாமல், நீங்களே எழுத்துக்களை அடித்துப் போங்கள்.

தளம் திறந்ததும் பக்கத்தின் மேல் பகுதியில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று சொற்கள் இருக்கும். 'தமிழ்' என்பதை அமுக்குங்கள். சில தளங்களில் தமிழ்ப் பக்கம் முழுமையாக இருக்காது. அப்போது ஆங்கிலம் தெரிந்த பிள்ளையின் உதவியைக் கேட்க வேண்டியதுதான்.

1. பிள்ளைகளின் படிப்புக்கு

பரீட்சைத் திணைக்களம்: டி, ஓ, ஈ, என், ஈ, டி, எஸ், புள்ளி, எல், கே.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில், க.பொ.த. சாதாரண தரம், உயர் தரம் ஆகியவற்றின் பெறுபேறுகள் முதலில் வருவது இங்கேதான். சுட்டெண்ணை அடித்தால் போதும். பெறுபேறு பார்த்துத் தருவதாகச் சொல்லிக் காசு வாங்குபவர்களிடம் போகத் தேவையில்லை.

கல்வி வெளியீட்டுத் திணைக்களம்: ஈ, டி, யூ, பி, யூ, பி, புள்ளி, ஜீ, ஓ, வீ, புள்ளி, எல், கே.

அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் பாடப் புத்தகங்கள் முதலாம் தரம் முதல் பதினோராம் தரம் வரை இங்கே தமிழில் இருக்கின்றன. புத்தகம் மழையில் நனைந்துபோனது, தம்பி கிழித்துவிட்டான், பாடசாலைக்கு வந்து சேரத் தாமதமாகிறது என்று இனிப் பிள்ளை சும்மா இருக்கத் தேவையில்லை. தேவையான பாடத்தை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டால், பிறகு சிக்னல் இல்லாத லயத்திலும் திறந்து படிக்கலாம். டவுனுக்குப் போகும்போது சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் இறக்கிக்கொண்டு வாருங்கள்.

ஈ-தக்சலாவ: ஈ, சிறு கோடு, டி, எச், ஏ, கே, எஸ், ஏ, எல், ஏ, டபிள்யூ, ஏ, புள்ளி, எம், ஓ, ஈ, புள்ளி, ஜீ, ஓ, வீ, புள்ளி, எல், கே.

இது கல்வி அமைச்சின் தளம். பாடத்திட்டம், பயிற்சிகள், பழைய வினாத்தாள்கள் எல்லாம் தரம் வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கணிதத்துக்கோ விஞ்ஞானத்துக்கோ ஆசிரியர் இல்லாத தோட்டப் பாடசாலைகள் இன்னும் உண்டு. டியூசனுக்கு அனுப்ப எல்லோருக்கும் வசதி இல்லை. இந்தத் தளம் ஆசிரியருக்கு ஈடாகாது. ஆனால் வாரத்துக்கு ஒரு பழைய வினாத்தாளைப் பிள்ளை செய்து பார்த்தால் பரீட்சை மண்டபத்தில் பயம் குறையும்.

சாதாரண தரத்துக்குப் பிறகு தொழில் படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு தளம்.

மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு: டி, வீ, ஈ, சி, புள்ளி, ஜீ, ஓ, வீ, புள்ளி, எல், கே.

ஹோட்டல் வேலை, மின்சார வேலை, கணினி, தாதிப் பயிற்சி என்று டவுன் முழுக்க விளம்பரப் பலகைகள் தொங்குகின்றன. தாலியை அடகு வைத்துக் காசு கட்டிய பிறகு, அந்தச் சான்றிதழை எங்கேயும் எடுக்கமாட்டார்கள் என்று தெரிய வந்தால் என்ன செய்வது? காசு கட்டுவதற்கு முன்னால், அந்த நிறுவனம் பதிவு செய்யப்பட்டதா, அந்தப் பாடநெறிக்கு அங்கீகாரம் உண்டா என்று இந்தத் தளத்தில் பாருங்கள்.

2. வேர்வை சிந்திச் சேர்த்த காசு

ஊழியர் சேமலாப நிதி: ஈ, பி, எஃப், புள்ளி, எல், கே.

ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியச் சபை: ஈ, டி, எஃப், பி, புள்ளி, எல், கே.

சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி வந்தது. உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8 கழிப்பார்கள். தோட்ட நிர்வாகம் தன் பங்காக நூற்றுக்கு 12 போட வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதி 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி வந்தது. அதற்கு நிர்வாகம் மட்டும் நூற்றுக்கு 3 போட வேண்டும். உங்கள் சம்பளத்தில் அதற்காக ஒரு சதமும் கழிக்கக் கூடாது.

ஒரு கணக்கு பார்ப்போம். ஒரு மாதம் 30,000 ரூபா உழைத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் கழிப்பது 2,400 ரூபா. நிர்வாகம் போடுவது 3,600 ரூபா. சேமலாப நிதியில் அந்த மாதம் சேர்வது 6,000 ரூபா. நம்பிக்கைப் பொறுப்பு நிதியில் 900 ரூபா. உங்கள் சம்பளத் துண்டை எடுத்து இதே மாதிரிக் கணக்குப் பாருங்கள். துண்டை எறிந்துவிடாதீர்கள்.

எல்லாத் தோட்டங்களின் பணமும் மத்திய வங்கி பராமரிக்கும் நிதிக்கே போவதில்லை. சில தோட்டங்களில் தொழில் திணைக்களம் அங்கீகரித்த வேறு சேமலாப நிதிகள் இருக்கின்றன. உங்கள் பணம் எங்கே போகிறது, உங்கள் அங்கத்துவ இலக்கம் என்ன என்று தோட்டத்துக் கிளாக்கரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் வேலையில் இருந்து ஓய்வு பெற்று இந்தப் பணத்தை எடுக்கலாம். அதற்கு முன்பே வீட்டுத் தேவைக்கோ வைத்தியச் செலவுக்கோ நூற்றுக்கு 30 வரை எடுக்கும் வழியும் 2012ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் வந்தது. அதற்குப் பத்து வருடம் பணம் கட்டியிருக்க வேண்டும், கணக்கில் குறைந்தது மூன்று இலட்சம் ரூபா இருக்க வேண்டும். படிவங்களையும் தேவையான பத்திரங்களையும் தளத்தில் பார்க்கலாம்.

நம்பிக்கைப் பொறுப்பு நிதியைப் பற்றி நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அங்கத்தவர் இறந்துபோனால், நிரந்தரமாக அங்கவீனம் அடைந்தால், இதய சத்திரசிகிச்சை செய்தால் உதவி கிடைக்கும். பிள்ளை புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தாலும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துக்குக் காலக்கெடு உண்டு. அதனால் விபரத்தை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

3. பெயரும் அடையாளமும்

ஆட்பதிவுத் திணைக்களம்: டி, ஆர், பி, புள்ளி, ஜீ, ஓ, வீ, புள்ளி, எல், கே.

பதிவாளர் நாயகம் திணைக்களம்: ஆர், ஜீ, டி, புள்ளி, ஜீ, ஓ, வீ, புள்ளி, எல், கே.

நான் முதலில் சொன்ன அம்மாவின் கஷ்டத்துக்குக் காரணம் இரண்டு பெயர்கள். நம் தோட்டங்களில் இது வீட்டுக்கு வீடு இருக்கும் வியாதி. பிறந்தபோது பதிந்த பெயர் ஒன்று, செக்ரோலில் எழுதிய பெயர் இன்னொன்று, வீட்டில் கூப்பிடும் பெயர் வேறொன்று. 'ராமாயி' என்று ஓரிடத்தில் இருக்கும். 'இராமாய்' என்று இன்னோரிடத்தில் இருக்கும். முப்பது வருடம் எந்தக் கரைச்சலும் இல்லை. காசு எடுக்கப் போகும் நாளில்தான் கரைச்சல் தொடங்கும்.

ஆகவே இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதி அட்டை, வங்கிப் புத்தகம் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரையும் பிறந்த திகதியையும் ஒத்துப் பாருங்கள். ஓர் எழுத்து வித்தியாசம் இருந்தாலும் எமது அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். எந்தப் படிவம், யார் கையொப்பம் என்பதை மேற்சொன்ன தளங்களில் சேர்ந்து பார்க்கலாம். வேலையில் இருக்கும்போதே திருத்துவது லேசு.

பிள்ளைக்கு 15 வயது ஆனதும் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பாடசாலைப் பிள்ளைகள் அதிபர் மூலமும், தோட்டத்தில் வசிப்பவர்கள் தோட்ட அதிகாரி மூலமும் விண்ணப்பிக்கலாம்.

எந்த அலுவலகத்துக்குப் போவது என்றே தெரியாவிட்டால் அரசாங்கத் தகவல் நிலையம் இருக்கிறது: ஜீ, ஐ, சி, புள்ளி, ஜீ, ஓ, வீ, புள்ளி, எல், கே. எழுத வாசிக்கத் தெரியாதவர்கள் 1919 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்துத் தமிழிலேயே கேட்கலாம்.

தேர்தல் ஆணைக்குழுவின் தளத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஈ, எல், ஈ, சி, டி, ஐ, ஓ, என், எஸ், புள்ளி, ஜீ, ஓ, வீ, புள்ளி, எல், கே. வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் உண்டா என்று பாருங்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம் தாத்தா பாட்டிமார் பிரஜாவுரிமையை இழந்தார்கள். எஞ்சியிருந்தவர்களுக்கும் அது கிடைக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவ்வளவு கஷ்டப்பட்டுக் கிடைத்த வாக்கை, பெயர் பதியாத காரணத்தால் இழக்கக் கூடாது.

4. சம்பளமும் சட்டமும்

அரசாங்க அச்சுத் திணைக்களம்: டி, ஓ, சி, யூ, எம், ஈ, என், டி, எஸ், புள்ளி, ஜீ, ஓ, வீ, புள்ளி, எல், கே.

வர்த்தமானி, சட்டங்கள் எல்லாம் இங்கே மூன்று மொழிகளிலும் இருக்கும். வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் அரசாங்க வேலைகளுக்கான அறிவித்தல்கள் வரும். உயர் தரம் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் வாரா வாரம் பார்க்க வேண்டும். முடிவுத் திகதிக்குப் பிறகு கேள்விப்பட்டு வருத்தப்பட்ட பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

தேயிலைத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட் சம்பளமும் சம்பளச் சபையின் மூலம் வர்த்தமானியில்தான் அறிவிக்கப்படுகிறது. 2021 மார்ச்சில் 1,000 ரூபா என்றும், 2024 செப்டம்பரில் 1,350 ரூபா என்றும் வந்தது இப்படித்தான். சம்பளம் கூடியது, கூடவில்லை என்று பெரட்டுக் களத்தில் பத்துக் கதை உலாவும். மேடையில் ஒருவர் ஒன்று சொல்வார், வாட்ஸ்அப்பில் இன்னொன்று வரும். அச்சில் வந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பேசுங்கள். கையில் கடதாசியோடு கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் யாரும் போக முடியாது.

5. வெளிநாடு போகும் முன்

இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம்: எஸ், எல், பி, எஃப், ஈ, புள்ளி, எல், கே. தொலைபேசி 1989.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் எங்கள் பிரிவில் ஒரு தகப்பன் இரவு ஏழு மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினார். இருபத்து மூன்று வயது மகளை வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறார். டவுனில் இருந்து வந்த ஒரு ஏஜென்ட் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு 40,000 ரூபாவும் வாங்கிவிட்டார். மிச்சம் 60,000 ரூபாவை மறுநாள் காலையில் கொடுக்க வேண்டும். அதற்குக் கடன் கேட்டுத்தான் வந்திருந்தார்.

"ஏஜென்சியின் பேர் என்ன அண்ணே?" என்று கேட்டேன். ஒரு அட்டையை நீட்டினார். அழகான அட்டை. விமானப் படம், கொழும்பு முகவரி எல்லாம் இருந்தது. அனுமதிப்பத்திர இலக்கம் மட்டும் இல்லை. பணியகத்தின் தளத்தைத் திறந்து, அனுமதி பெற்ற முகவர் நிலையங்களின் பட்டியலில் தேடினோம். அந்தப் பெயர் இல்லை. எழுத்தை மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தோம். இல்லை. பிறகு விசா கடதாசியின் போட்டோவைப் பார்த்தால், அது சுற்றுலா விசா. வேலை விசா இல்லை.

தகப்பன் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். "ஐயா, ஊரெல்லாம் சொல்லியாச்சே" என்று அழுதார். மறுநாள் நாங்கள் நாலு பேராகப் போய்ப் பேசியதில் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. பொலிசில் முறைப்பாடும் போட்டோம். கொடுத்த 40,000 ரூபா இன்றைக்கு வரை வரவில்லை. ஆனால் பிள்ளை வீட்டில் இருந்தாள். சுற்றுலா விசாவில், பணியகத்தில் பதியாமல் போயிருந்தால், அங்கே அடித்தாலும் சம்பளம் கொடுக்காவிட்டாலும் அவளைத் தேடுவதே பெரும் பாடாகியிருக்கும்.

ஆகவே மூன்று காரியங்களைச் செய்யுங்கள். ஒன்று, ஏஜென்சியின் பெயரையும் அனுமதிப்பத்திர இலக்கத்தையும் கேட்டுத் தளத்தில் பாருங்கள். இரண்டு, விசா எந்த வகை என்று பாருங்கள், சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். மூன்று, பணியகத்தில் பதியாமல் விமானம் ஏறாதீர்கள். போனில் பார்க்கத் தெரியாவிட்டால் 1989க்கு எடுத்துக் கேளுங்கள். பாஸ்போர்ட்டைக் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டும்.

6. மழை பெய்யும் இரவில்

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம்: என், பி, ஆர், ஓ, புள்ளி, ஜீ, ஓ, வீ, புள்ளி, எல், கே.

வளிமண்டலவியல் திணைக்களம்: எம், ஈ, டி, ஈ, ஓ, புள்ளி, ஜீ, ஓ, வீ, புள்ளி, எல், கே.

அனர்த்த முகாமைத்துவ நிலையம்: டி, எம், சி, புள்ளி, ஜீ, ஓ, வீ, புள்ளி, எல், கே. தொலைபேசி 117.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க முடியாது. அந்த இடம் ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் எத்தனை வீடுகள் மண்ணுக்குள் போயின என்பதை நீங்களே பார்த்தீர்கள்.

மண்சரிவு எச்சரிக்கையை மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடுவது மேலே முதலில் சொன்ன நிறுவனம். எச்சரிக்கை மூன்று நிலைகளில் வரும். மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள். செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாக இருங்கள். சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள். இவை மழையின் அளவைப் பொறுத்தவை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தால் கவனம். 100க்கு மேல் போனால் ஆயத்தம். 150க்கு மேல் போனாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ வெளியேற வேண்டும்.

இரவு மழை பிடித்தால், படுக்கப் போகும் முன் வீட்டில் ஒருவர் இந்தத் தளத்தைப் பார்க்க வேண்டும். அந்த லயத்தில் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். மின்சாரமும் சிக்னலும் போய்விட்டால் தளம் உதவாது. அப்போது மலை காட்டும் அடையாளங்களைப் பாருங்கள். நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, மரமும் மின்கம்பமும் சாய்வது, கதவு ஜன்னல் திடீரென்று இறுகிக்கொள்வது, இல்லாத இடத்தில் ஊற்று வருவது, ஊற்றுத் தண்ணீர் சேறாக மாறுவது ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் சிவப்பு எச்சரிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். பத்திரங்களை ஒரு பொலித்தீன் பையில் போட்டு ஆணியில் மாட்டி வைத்திருந்தால் எடுத்துக்கொண்டு ஓட லேசு.

7. வாசிக்க ஆசைப்படுபவர்களுக்கு

நூலகம்: என், ஓ, ஓ, எல், ஏ, எச், ஏ, எம், புள்ளி, ஓ, ஆர், ஜீ.

இது அரசாங்கத் தளம் இல்லை. இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் படம் பிடித்து, எல்லோரும் இலவசமாக வாசிக்க வைக்கும் முயற்சி. 2005இல் ஆரம்பமானது. சி.வி. வேலுப்பிள்ளை, தெளிவத்தை ஜோசப் போன்ற நம் மலையக எழுத்தாளர்களைப் பற்றி இங்கே தேடி வாசிக்கலாம். 'குன்றின் குரல்', 'கொழுந்து' போன்ற மலையகச் சஞ்சிகைகளின் பழைய இதழ்களும் உண்டு. நம்மைப் பற்றி நம்மவர்களே எழுதியவற்றைப் பிள்ளைகள் வாசிக்கட்டும். கண் தெரியாத தாத்தாவுக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தாத்தா அதற்கு மேல் பத்துப் பக்கம் தானே சொல்லுவார்.

பொது அறிவுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவைப் பார்க்கலாம். 2003இல் தொடங்கியது. பலரும் சேர்ந்து எழுதுவது என்பதால் பிழைகளும் இருக்கும். பாடசாலை வேலைக்கு எடுக்கும்போது பாடப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவை

சீட்டு விழுந்தது, பரிசு கிடைத்தது, அரசாங்கம் காசு கொடுக்கிறது என்று வரும் இணைப்புகளை அமுக்காதீர்கள். வங்கி இரகசிய இலக்கத்தையும், போனுக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டையும் எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். வங்கியில் இருந்து பேசுவதாகச் சொன்னாலும் சொல்லாதீர்கள். அடையாள அட்டையைப் படம் பிடித்துத் தெரியாதவர்களுக்கு அனுப்பாதீர்கள். டவுனில் கொமியுனிகேசன் கடையில் வேலை முடிந்ததும் உங்கள் பத்திரங்களை அங்குள்ள கணினியில் இருந்து அழிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.

வீட்டுப் பயிற்சி

இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு உட்கார்ந்து இவற்றைச் செய்து பாருங்கள்.

அ. உங்கள் பிள்ளையின் வகுப்புக் கணிதப் புத்தகத்தைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத் தளத்தில் கண்டுபிடியுங்கள்.

ஆ. ஒருவர் ஒரு மாதம் 25,000 ரூபா உழைத்தால் சேமலாப நிதியில் மொத்தம் எவ்வளவு சேரும்? (விடை: 2,000 கூட்டல் 3,000, அதாவது 5,000 ரூபா.)

இ. ஒரு முகவரியின் நடுவில் 'ஜீ, ஓ, வீ' இருக்கிறது, கடைசியில் 'சி, ஓ, எம்' இருக்கிறது. அது அரசாங்கத் தளமா? ஏன் இல்லை என்று பிள்ளையிடம் கேளுங்கள்.

ஈ. உங்கள் பிரதேச செயலகப் பிரிவுக்கு இன்றைக்கு மண்சரிவு எச்சரிக்கை உண்டா என்று பாருங்கள்.

உ. வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பெயரும் பத்திரங்களில் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

போன் இல்லாதவர்கள், வாசிக்கத் தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். வேலை முடிந்து வரும்போது எமது அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். பிள்ளைக் காம்பராவுக்கு வரும் தாய்மாருக்கும் இதை வாசித்துக் காட்டும்படி பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் சொன்ன அம்மாவின் பெயர்ப் பிழையைத் திருத்தும் வேலை நடக்கிறது. தேவையான பத்திரங்களின் பட்டியலை இந்த முறை எழுதி வைத்துக்கொண்டவன் அந்தப் பேரப்பிள்ளைதான். போனில் பார்த்துத் தானே எழுதினான். மகள் அன்றைக்கு மலைக்குப் போய்ப் பேர் போட்டாள்.